அலுவலக ஆங்கிலம்: ஏஐ, ஆசிரியர், சர்டிஃபிகேட், பேச்சு மன்றம் – எது கைகொடுக்கும்?

மெயில் எழுத வரும். ரிப்போர்ட் படித்தால் புரியும். மீட்டிங்கில் மற்றவர்கள் பேசுவதும் பெரும்பாலும் பிடிபடும். ஆனால் "இதைப் பற்றி நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று நம் பக்கம் திரும்பிவிட்டால் மட்டும் வார்த்தை வராது. இந்த நிலையில் இருக்கிறவர்களுக்காகத்தான் இந்த ஒப்பீடு. அடிப்படை இலக்கணமே இன்னும் கைவரவில்லை என்றால் ஒழுங்கான வகுப்பில் சேருவதுதான் வழி. அவர்களுக்கு இங்கே சொல்வது எதுவும் பெரிதாக உதவாது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கடைசியில் போய்ச் சேர்ந்தது டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்கிற பேச்சு மன்றத்தில். அதனால் தராசு அந்தப் பக்கம் சாய்ந்துதான் நிற்கும். ஏஐயோடு பேசிப் பழகியதும் உண்டு, தனி ஆசிரியரிடம் கொஞ்ச காலம் படித்ததும் உண்டு. சர்டிஃபிகேட் தேர்வு எழுதியதில்லை. அதைப் பற்றிச் சொல்வதெல்லாம் எழுதியவர்களோடு வேலை பார்த்த அனுபவத்தில் சொல்வது.

தேர்வைச் சீக்கிரம் முடித்துவிடலாம். டோயிக் (TOEIC) என்பது வேலையிட ஆங்கிலத்தை அளக்கும் சர்வதேசத் தேர்வு. அந்தப் பெயரைக் கேட்டதும் பலர் நினைப்பது அதன் கேட்டல், வாசித்தல் தேர்வைத்தான். 200 கேள்விகள், 990 மதிப்பெண், முழுக்க விடையைத் தேர்ந்தெடுத்துக் குறிக்கும் வகை. வாயே திறக்காமல் 900 தாண்டலாம். பேசுவதற்கும் எழுதுவதற்கும் தனித் தேர்வு இருக்கிறது, ஆனால் அதைக் கட்டாயம் என்று யாரும் சொல்லாவிட்டால் எத்தனை பேர் போய் எழுதுவார்கள்? ஜப்பானின் ரகுடென் நிறுவனம் 2010-இல் ஆங்கிலமே இனி அலுவலக மொழி என்று அறிவித்து, 2012-இல் முழுமையாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அப்போது ஊழியர்களுக்கு டோயிக் மதிப்பெண்ணைத்தான் இலக்காக வைத்தார்கள். ஆயிரக்கணக்கான பேரை அளக்க ஏதோ ஒரு எண் வேண்டும் என்பது நிர்வாகத்தின் பக்க நியாயம். நம் பக்கத்தில் பார்த்தால், அந்த எண் ரெஸ்யூமேயில் ஒரு வரி. வேலை மாறும்போது கதவைத் திறக்கும், உள்ளே போனபின் பேச வைக்காது. கேம்பிரிட்ஜின் பிசினஸ் தேர்வுகள் இந்த விஷயத்தில் தேவலை. பேச்சுப் பகுதிக்கு இரண்டு பேரைச் சேர்த்து உட்காரவைக்கிறார்கள், ஒருவரோடு ஒருவர் கலந்து பேச வேண்டிய பகுதியும் அதில் உண்டு.

உச்சரிப்பை "சரிசெய்யும்" வகுப்புகளை இந்தப் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. ஜெனிஃபர் ஜென்கின்ஸ் என்ற மொழியியலாளர், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் தங்களுக்குள் பேசும்போது எது புரிதலைக் கெடுக்கிறது என்று ஆராய்ந்து 2000-இல் எழுதினார். 'தி', 'திங்க்' போன்ற சொற்களின் முதல் ஒலியை நாம் வேறு மாதிரி சொல்வதால் பெரிய குழப்பம் வருவதில்லை. உயிரொலியின் நீளம் மாறுவது, வாக்கியத்தில் அழுத்தம் தவறான சொல்லில் விழுவது போன்றவற்றால்தான் கேட்பவர் தடுமாறுகிறார். அவற்றைச் சரிபண்ணத் தனி வகுப்பு தேவையில்லை.

அடுத்து ஏஐ. இதைக் குறைத்துப் பேச மனம் வரவில்லை. நள்ளிரவில் கூப்பிட்டாலும் பேசும், ஒரே கேள்வியைப் பத்து முறை கேட்டாலும் சலித்துக்கொள்ளாது. "நீ கறாரான வாடிக்கையாளர், திட்டம் தாமதமானதற்கு என்னைக் குடை" என்று சொன்னால் நடித்தும் காட்டும். மொழி கற்பித்தலில் 4/3/2 என்றொரு பழைய பயிற்சி உண்டு. ஒரே விஷயத்தை முதலில் நான்கு நிமிடம், அப்புறம் மூன்று, அப்புறம் இரண்டு நிமிடத்தில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் கேட்பவர் வேறு ஆள். ஆள் சேர்ப்பதுதான் இதில் சிரமம், அந்தச் சிரமம் ஏஐயோடு இல்லை. மூன்றாவது சுற்றில் வாக்கியங்கள் தாமாகவே இறுகி வருவதை நாமே கேட்கலாம்.

ஆனால் குறை இருப்பதும் அங்கேதான். எலைன் ஹோர்விட்ஸும் சக ஆய்வாளர்களும் 1986-இல் வேற்றுமொழிப் பதற்றத்தைப் பற்றி எழுதியபோது அதோடு தொடர்புடையதாக மூன்றைச் சொன்னார்கள்: பேசுவதில் உள்ள தயக்கம், தேர்வு பயம், மற்றவர் நம்மைக் குறைவாக எடைபோடுவார் என்ற பயம். மீட்டிங்கில் நம்மைப் பிடித்து ஆட்டுவது மூன்றாவது. ஏஐயோடு பேசும்போது அது தலைகாட்டுவதே இல்லை, எதிரில் யாரும் நம்மை எடைபோடவில்லை என்று மனதுக்குத் தெரியும். அதனால் அங்கே வருகிற சரளம் நிஜமானதுதான் என்றாலும், மேலதிகாரியின் முகத்தைப் பார்த்ததும் பாதி கரைந்துவிடுகிறது. இன்னொன்று, பாதி வாக்கியம் சொன்னாலே அது முழுசாகப் புரிந்துகொள்கிறது. மனிதர்கள் அவ்வளவு நல்லவர்கள் இல்லை.

தனி ஆசிரியர் இதைவிட ஒரு படி மேல். நல்ல ஆசிரியர் நம் வேலையையே பாடமாக்குவார். அடுத்த வாரம் காட்டப்போகும் ஸ்லைடுகளை அனுப்பினால், எங்கே கேள்வி வரும் என்று பார்த்து அங்கேயே நிறுத்திக் கேட்பார். "இதை முடித்துத் தருகிறோம்" என்று சொல்வதற்கும் "முடிக்க முயல்கிறோம்" என்று சொல்வதற்கும் நடுவில் ஆங்கிலத்தில் எத்தனை படிகள் இருக்கின்றன, எந்தப் படியில் நின்றால் பின்னால் மாட்டிக்கொள்ள மாட்டோம் என்பதையெல்லாம் அவர்தான் சொல்லித்தர முடியும். மன்றத்தில் இது கிடைக்கவே கிடைக்காது.

சிக்கல் என்னவென்றால், கொஞ்ச நாளில் ஆசிரியருக்கு நம் பேச்சு பழகிவிடுகிறது. நாம் எந்த இடத்தில் தடுமாறுவோம், என்ன சொல்ல வருகிறோம் என்று அவருக்குத் தெரியும், அதனால் காத்திருப்பார். சொல் சிக்காதபோது எடுத்துக் கொடுப்பார். அவர் தொழிலே அதுதான், குறை சொல்ல முடியாது. மீட்டிங்கில் யாரும் அப்படிக் காத்திருப்பதில்லை, நாம் சொல் தேடும் இரண்டு விநாடிக்குள் இன்னொருவர் ஆரம்பித்துவிடுவார்.

இனி மன்றம். டோஸ்ட்மாஸ்டர்ஸ் அமைப்பு 1924-இல் கலிஃபோர்னியாவின் சான்டா ஆனாவில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கியது. ஆங்கிலம் கற்றுத்தரத் தொடங்கியதல்ல, மேடைப் பேச்சுக்காகத் தொடங்கியது. அங்கே வாத்தியார் கிடையாது, உறுப்பினர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதுதான். ஒருவர் கையில் கடிகாரத்தோடு நேரம் பார்ப்பார், இன்னொருவர் மொழிப் பயன்பாட்டைக் குறித்துக்கொள்வார், மூன்றாமவர் "ஆ", "உம்", "யூ நோ" எல்லாவற்றையும் எண்ணிக்கொண்டிருப்பார். இந்த எண்ணிக்கை வேலை எனக்கு இன்றுவரை பிடிக்கவில்லை. ஏற்கெனவே பதற்றத்தில் இருக்கிறவரிடம் "பதினோரு ஆ" என்று அறிவிப்பதில் என்ன லாபம் என்று தெரியவில்லை.

தயாரித்துப் பேசும் ஐந்து முதல் ஏழு நிமிட உரைதான் மன்றத்தின் முகம். புதிதாக வருகிறவர்கள் அதற்குத்தான் பயப்படுவார்கள், அதற்குத்தான் கைதட்டலும் கிடைக்கும். அலுவலக ஆங்கிலத்துக்கு அதனால் வரும் பலன் நடுத்தரம்தான். எழுதி, மனப்பாடம் செய்து, ஒப்பித்துவிட்டு உட்கார்ந்துவிடலாம். மீட்டிங்கில் அந்த வசதி எங்கே இருக்கிறது?

டேபிள் டாபிக்ஸ் எனப்படும் பகுதி கொஞ்சம் நெருங்கி வருகிறது. முதலில் கேள்வியைச் சொல்வார்கள், அப்புறம்தான் யார் பேச வேண்டும் என்று பெயரைக் கூப்பிடுவார்கள். எழுந்து முன்னால் போகிற அந்தச் சில அடிகள்தான் யோசிக்கக் கிடைக்கும் நேரம். ஒரு நிமிடத்தில் பச்சை விளக்கு, ஒன்றரையில் மஞ்சள், இரண்டில் சிவப்பு. பச்சை வருவதற்குள் சரக்கு தீர்ந்துபோவது சகஜம். நாளாக ஆக, முதல் வாக்கியத்திலேயே நிலைப்பாட்டைச் சொல்லிவிட்டுக் காரணத்தைப் பின்னால் தேடிக்கொள்ளும் பழக்கம் வருகிறது. இது மீட்டிங்குக்கு அப்படியே பொருந்தும்.

ஆனால் என்னை மன்றத்தின் பக்கம் நிற்கவைப்பது இது இரண்டுமே இல்லை. எவாலுவேட்டர் என்கிற வேடம். ஒருவர் ஏழு நிமிடம் பேசுவார். அவர் பேசப் பேச நாம் குறிப்பெடுக்க வேண்டும். சற்று நேரத்தில் எழுந்து, இரண்டு முதல் மூன்று நிமிடத்துக்குள், எல்லோர் முன்னிலும், அவரும் எதிரிலேயே உட்கார்ந்திருக்க, எது நன்றாக இருந்தது, எதை மாற்றலாம் என்று சொல்ல வேண்டும்.

இதில் என்னென்ன அடங்கியிருக்கிறது பாருங்கள். முன்கூட்டித் தயாரிக்க முடியாது, ஏனென்றால் அவர் என்ன சொல்லப்போகிறார் என்று தெரியாது. பழக்கமில்லாத உச்சரிப்பில் வருவதை அந்தக் கணமே பிடிக்க வேண்டும். கேட்டுக்கொண்டே நம் கருத்தையும் கட்ட வேண்டும். குறை சொல்ல வேண்டும், ஆனால் அவர் முகம் சுருங்கக் கூடாது. "உதாரணம் குழப்பமாக இருந்தது" என்று சொன்னால் போதாது. எந்த உதாரணம், எங்கே குழம்பியது, அதற்குப் பதில் என்ன செய்திருக்கலாம் என்று சொன்னால்தான் மதிப்பீடு. கடைசியில் அதையெல்லாம் மூன்று நிமிடத்துக்குள் அடக்கவும் வேண்டும்.

அலுவலகத்தில் ஒரு டிசைனைப் பார்த்துவிட்டுக் கருத்துச் சொல்வது, இன்னொரு டீமின் திட்டத்தில் ஓட்டை இருக்கிறது என்று நயமாகச் சொல்வது, ஜூனியரின் வேலையைத் திருத்துவது எல்லாமே இதேதான். நமக்கு ஆங்கிலத்தில் சிக்கல் வருவதும் பெரும்பாலும் இங்கேதான். தன் வேலையைப் பற்றிச் சொல்ல எல்லோருக்கும் ஓரளவு வந்துவிடும். இன்னொருவர் சொன்னதை மறுத்துச் சொல்லும்போதுதான் ஒன்று வாயை மூடிக்கொள்கிறோம், இல்லையென்றால் வேண்டியதைவிடக் கடுமையாக வந்து விழுகிறது. மெல்லிய மறுப்புக்கான வாக்கிய அமைப்புகளைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துவைத்திருப்போம். சம்பந்தப்பட்ட ஆள் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது அது நாக்குக்கு வருகிறதா என்பதுதான் கேள்வி.

இதை ஏஐயிடமும் ஒத்திகை பார்க்கலாமே என்று கேட்கலாம். பார்க்கலாம். ஒரு பேச்சைக் கேட்டு, அதற்கு மதிப்பீடு சொல்லி, அதைத் திருத்தச் சொன்னால் செய்து தரும். வாக்கியம் மெருகேறும். ஆனால் நாம் சொன்னதைக் கேட்டு ஒருவர் புருவத்தைச் சுருக்குவதும், அதைப் பார்த்ததும் அடுத்த வாக்கியத்தை நாம் மாற்றிக்கொள்வதும் அங்கே நடக்காது. ஆசிரியரிடமும் இது அவ்வளவாக நடப்பதில்லை. வகுப்பில் மதிப்பிடுகிறவர் அவர்தான், நமக்கு அந்த நாற்காலி கிடைப்பது அரிது.

சரி, மன்றத்தில் குறையே இல்லையா என்றால் நிறையவே இருக்கிறது. அங்கே யாரும் குறுக்கே பேச மாட்டார்கள், அதனால் இடையில் நுழைந்து பேசும் கலையை அது கற்றுத்தராது. நான் பார்த்த இடங்களில் பாராட்டு கொஞ்சம் தாராளம், விமர்சனம் கொஞ்சம் சிக்கனம். பெரும்பாலான உரைகள் சொந்த வாழ்க்கைக் கதைகளாக இருப்பதால் நம் துறைக்கான சொற்கள் அங்கே வளராது. எவாலுவேட்டர் வேடமும் சேர்ந்த உடனே கிடைத்துவிடாது, சில உரைகளாவது பேசியிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். மன்றத்துக்கு மன்றம் தரமும் மாறும். நான் இருந்தது பல தாய்மொழிக்காரர்கள் கலந்திருந்த இடம். எல்லோருக்கும் ஒரே தாய்மொழி என்றாலோ, எல்லோருமே ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் என்றாலோ இதே பலன் கிடைக்குமா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆன்லைனில் மட்டும் கூடும் மன்றங்களுக்கு விருந்தினராகத்தான் போயிருக்கிறேன். கேமராவை அணைத்துவிட்டு உட்கார முடிகிற இடத்தில் அந்தப் பதற்றம் பாதிகூட வராது என்று தோன்றியது, அவ்வளவுதான்.

ஆகவே யாருக்கு எது? மூன்று வாரத்தில் நேர்முகத் தேர்வு என்றால் மன்றத்தை மறந்துவிட்டு ஆசிரியரைப் பிடியுங்கள், அந்த வேகம் வேறு எங்கும் கிடைக்காது. வாடிக்கையாளரோடு ஒருவருக்கொருவர் பேசும் அழைப்புகள்தான் வேலை என்றால் ஏஐயும் எப்போதாவது ஒரு ஆசிரியரும் போதும். வேலை மாறும் எண்ணம் இருந்து, விண்ணப்பத்தில் மதிப்பெண் கேட்கிறார்கள் என்றால் தேர்வை எழுதிவிட வேண்டியதுதான், அதில் விவாதம் இல்லை. வாரா வாரம் பத்துப் பேர் உட்காரும் மீட்டிங்கில் கருத்துச் சொல்ல வேண்டிய வேலை என்றால் மட்டும் மன்றம்.

சேருவதற்கு முன்னால் விருந்தினராக இரண்டு மூன்று கூட்டங்களில் உட்கார்ந்து பாருங்கள். உரைகளைவிட மதிப்பீடுகளைக் கவனியுங்கள். எவாலுவேட்டர்கள் எல்லோரும் "அருமை, அற்புதம்" என்றே சொல்லிவிட்டு உட்கார்ந்தால் வேறு மன்றம் தேடலாம். சேர்ந்தபின் முதலில் நேரம் பார்க்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். யார் எத்தனை நிமிடம் பேசினார் என்று கடைசியில் எழுந்து சொல்ல வேண்டும், ஐந்தாறு வாக்கியம்தான். கூட்டங்களுக்கு யார் யாருக்கு என்ன வேலை என்று பிரித்துக் கொடுக்கும் பொறுப்பாளர் ஒருவர் இருப்பார். சீக்கிரம் எவாலுவேட்டராக வேண்டும் என்று அவரிடம் முதல் மாதத்திலேயே சொல்லிவைத்துவிடுங்கள். கேட்காதவர்களுக்கு அது தானாக வர நாளாகும்.