94-லேயே நின்ன நெட்டும் நானே கட்டின ரவுட்டரும்

புனலூர்ல இருக்கிற அத்தை மகன் நேத்து போன் போட்டு, "அத்தான், பழைய கம்ப்யூட்டர்ல ரவுட்டர் செஞ்சு வச்சிருக்கீங்கள்லா, நானும் ஒண்ணு செய்யட்டா?"ன்னு கேட்டான். கேட்ட நேரம் அப்படி. பன்னெண்டு நாள் அந்தப் பொட்டியோட மல்லுக்கட்டி, முந்தாநாள்தான் எந்திரிச்சேன்.

ஆபீஸ்ல கழிச்சுப் போட்ட ஐ5 டெஸ்க்டாப், கூட ஒரு ரியல்டெக் நெட்வொர்க் கார்டு, உள்ள ஓப்பன்டபிள்யூஆர்டி-ங்கிற இலவச ரவுட்டர் மென்பொருள். மூணு வருஷமா ஓடுது. சும்மா சொல்லக்கூடாது, வீட்ல நாலு பேரும் ஒரே நேரம் வீடியோ கால்ல உக்காந்தாலும் ஒருத்தர் முகமும் உறையாது. நெட்ல போற வர்ற டேட்டாவை வரிசைப்படுத்துற வேலையை கேக்-னு அதுக்குள்ள இருக்கிற ஒரு சாமான் பாத்துக்குது, அதுக்கு நான் அடிமை.

ஆனி சாரல் தொடங்குனதும் நெட் வேகம் 300 எம்பிபிஎஸ் வர வேண்டிய இடத்துல 94. ராத்திரி 94, விடியக்காலை 94. கேக்கை நிறுத்துனேன். எம்டியூ-வை, அதான் ஒரு டேட்டா பொட்டலத்தோட அதிகபட்ச அளவை, 1492-ன்னு வச்சேன்; லைன்ல லாகின் பண்ற பிபிபிஓஇ முறை எட்டு பைட்டைத் தின்னுரும்லா. பொட்டலம் கடத்துற வேலையைச் சுருக்குற ஆப்லோடைப் போட்டுப் பாத்தேன், கடைசியில மொத்தத்தையும் அழிச்சுப் புதுசா ஏத்துனேன். 94.

நெட் கம்பெனி லைன்காரத் தம்பி வந்தார். தன் லேப்டாப்பை, தன் வயரை நேரா மோடத்துல சொருகுனார், 300 வந்துச்சு. "அண்ணாச்சி, சொந்தமா செஞ்ச பொட்டின்னா இப்படித்தான்"னு சிரிச்சார். எனக்கு வந்துச்சே கோவம்! காப்பி கூடக் கொடுக்காம அனுப்பிட்டேன். அது தப்புதான்.

இத்தனைக்கும் மொத நாளே பிடிபட்டிருக்கணும். லைன்ல நெரிசல்னா வேகம் 60, 140, 210-ன்னு அலையும். இது ஆணி அடிச்ச மாதிரி 94-ல நின்னா, 100 எம்பிபிஎஸ் இணைப்புல ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஒட்டுற முகவரி மாதிரியான தலைப்புச் சுமை போக மிஞ்சுறது அதுன்னு அர்த்தம். வயர் இணைப்போட வேகத்தைக் காட்டுற ஈத்டூல் கட்டளையைப் போட்டேன்: ஸ்பீட் 100. பொட்டி தன் சங்கதியை எழுதி வைக்கிற டிமெசேஜ் பதிவுல 'டவுன்ஷிப்ட் அக்கர்ட்... செக் கேப்ளிங்'னு ஒரு வரி, வேகத்தைக் குறைச்சுட்டேன்னு அர்த்தம். வயரைப் பாருன்னு பொட்டி ஒவ்வொரு தடவை பூட் ஆகும்போதும் சொல்லிட்டுத்தான் இருந்திருக்கு. நான்தான் எட்டிப் பாக்கல.

மோடம் திண்ணையில, ரவுட்டர் உள்ரூம்ல, நடுவுல ஜன்னல் வழியா வர்ற பன்னெண்டு மீட்டர் வயர். எங்க செங்கோட்டை 1956 வரைக்கும் திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்துட்டு அப்புறம் தமிழ்நாட்டுக்கு வந்த ஊரு; ஆரியங்காவு கணவாய்ல வர்ற மழைக்கு அந்தச் சேதி இன்னும் எட்டல போல, பக்கவாட்டுல வந்து ஜன்னலை நனைச்சுட்டுத்தான் போகும். திண்ணைப் பக்கத்துக் கனெக்டரை வெட்டி, கம்பியை பிளேடால சுரண்டினா மேல செம்புப் பூச்சு, உள்ள வெள்ளையா அலுமினியம். பழுப்பு ஜோடியில ஒண்ணு தொட்டதும் சாக்பீஸ் மாதிரி உதிர்ந்துச்சு. 100 வேகத்துக்கு ஆரஞ்சு, பச்சை ரெண்டு ஜோடி போதும், 1000-க்கு வயர்ல இருக்கிற நாலு ஜோடியும் வேணும். அதான் சங்கதி. முழுச் செம்புன்னு சொல்லி வித்த கடைக்காரர் வாயில என்னத்த வைக்க?

புது வயர் போட்டாச்சு, 300 வருது, பொட்டி மேல ஒரு குத்தமும் இல்ல. இருந்தாலும் அத்தை மகன்கிட்ட வேண்டாம்னுட்டேன். கடை ரவுட்டர்ல சில மாடல்ல 100-க்கு ஒரு கலர், 1000-க்கு ஒரு கலர்னு லைட்டே எரியும். என் பொட்டி 25 வாட் கரண்டைத் தின்னுக்கிட்டு, மாசம் 18 யூனிட், ஒரு மூலையில கமுக்கமா ஒரு வரி எழுதி வைக்குது.

"அப்போ உங்களுதை எனக்குத் தாங்களேன்"ங்கான். அதெப்படி? ஞாயித்துக்கிழமை, வயர் முனையில கனெக்டர் மாட்டுற கிரிம்பிங் டூலோட வர்றேன்னு சொல்லியிருக்கேன், மொதல்ல அவன் வீட்டு வயரைச் சுரண்டிப் பாக்கணும்.