பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்து: எங்கள் ஜி.பி. சர்ஜரி பற்றி

வடமேற்கு லண்டனில், எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடைத் தூரத்தில் உள்ள இந்தச் சர்ஜரியில், அதாவது குடும்ப மருத்துவ நிலையத்தில், நாங்கள் குடும்பமாகப் பதிந்து பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. சென்ற மாதம் வரவேற்பறைப் பெயர்ப்பலகையில் எங்கள் மருத்துவரின் பெயருக்குப் பின்னால் இருந்த எம்.ஆர்.சி.ஜி.பி., எஃப்.ஆர்.சி.ஜி.பி. ஆகியிருந்தது. ஓர் எழுத்துத்தான் மாறியிருந்தது என்பதால், அங்கே காத்திருந்தவர்களில் எவரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

முதலாவது, தேர்வெழுதிப் பெறும் உறுப்பினர் தகுதி. 2007 முதல் இந்நாட்டில் பயிற்சி முடித்துக் குடும்ப மருத்துவராக விரும்புவோர் அதைப் பெற்றே ஆக வேண்டும். இரண்டாவதற்குத் தேர்வு கிடையாது. சில ஆண்டுகளாவது உறுப்பினராக இருந்த ஒருவர், தம் பணியில் செய்து காட்டியவற்றை முன்வைத்து, சக மருத்துவர்களின் ஆதரவுடன் பெறும் மதிப்பு அது. இதனை வழங்கும் குடும்ப மருத்துவர்களின் அரச கல்லூரி 1952இல் தொடங்கப்பட்டது. அதன் முதல் தலைவரான வில்லியம் பிக்கிள்ஸ், யார்க்‌ஷயரின் வென்ஸ்லிடேல் பள்ளத்தாக்கில் கிராம மருத்துவராக இருந்தவர். மஞ்சட்காமாலை எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்குப் போயிற்று என்பதை, ஊராரின் போக்குவரத்து தமக்குத் தெரிந்திருந்ததாலேயே கண்டறிந்தவர்.

எங்கள் மருத்துவரும் அந்த வகையைச் சேர்ந்தவர்தான். என் அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. இரண்டு மாதமாகக் கணுக்கால் வீங்கியிருந்தது. வேறோர் இடத்தில் காட்டியபோது நீர் போவதற்கு ஒரு மாத்திரை கொடுத்தார்கள். அதன் பிறகு எழுந்து நின்றாலே தலைசுற்றத் தொடங்கியது. எங்கள் மருத்துவர் அம்மாவைப் படுக்க வைத்து இரத்த அழுத்தத்தைப் பார்த்தார், பிறகு நிற்க வைத்துப் பார்த்தார்: 142 இருந்தது 116க்கு இறங்கியது. உடனே மருந்தெழுதாமல், வீட்டில் இருக்கும் மாத்திரைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு மறுநாள் கொண்டுவரச் சொன்னார்.

பையை மேசையில் கொட்டி, அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பின்புறத்துச் சிறிய எழுத்தைப் படித்தவர், இரண்டைத் தனியே எடுத்து வைத்தார். ஒன்று இங்குள்ள பார்மசி தரும் இரத்த அழுத்த மாத்திரையான அம்லோடிபின். மற்றையது, சித்தி யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்த, வேறு வணிகப் பெயருடைய அதே அம்லோடிபின். கால் வீக்கம் அந்த மருந்தின் தெரிந்த பக்கவிளைவு. அளவு கூடக் கூட அதுவும் கூடும். நான் மொழிபெயர்த்துச் சொன்னதும், "அப்ப நான் இவ்வளவு நாளும் ரெண்டையும் போட்டனானோ?" என்று அம்மா கேட்டார். மருத்துவர் கடிந்துகொள்ளவில்லை. ஊரிலிருந்து வந்த அட்டையையும் நீர் மாத்திரையையும் நிறுத்தினார். மூன்று வாரத்தில் செருப்பு மறுபடி காலுக்குச் சரியாக வந்தது. புதிதாக ஒரு மருந்தும் எழுதப்படவில்லை. இந்தத் திறமை எந்தப் புள்ளிவிவரத்தில் ஏறும் என்று எனக்குத் தெரியவில்லை. சக மருத்துவர்கள் பார்த்து மதிப்பளிக்கும் முறை ஒன்று இருப்பது அதனால் நியாயமாகவே படுகிறது.

குறை, மருத்துவரின் அறைக்கு வெளியேதான் இருக்கிறது. காலை எட்டு மணிக்குத் தொலைபேசி இணைப்பு திறக்கும். எட்டு மணி ஒரு நிமிடத்துக்கு நான் இருபத்து மூன்றாவது ஆளாக வரிசையில் நிற்பேன். என் முறை வரும்போது அன்றைய நேரங்கள் முடிந்திருக்கும். இத்தனை மதிப்புப் பெற்ற ஒருவரை உள்ளே வைத்துக்கொண்டு வாசலை இப்படி நடத்துவது சர்ஜரி நிர்வாகத்துக்கு அழகல்ல. மருத்துவருக்கு ஐந்து நட்சத்திரம் தருகிறேன், தொலைபேசிக்கு ஒன்றுக்கு மேல் தர மனம் வரவில்லை.

புதிதாகப் பதிய நினைப்போர் கவனிக்க: அவர் செவ்வாயும் வியாழனும் மட்டுமே நோயாளிகளைப் பார்க்கிறார். அவரிடமே காட்ட வேண்டுமானால் பெயர் சொல்லிக் கேளுங்கள். கேட்காவிட்டால் அன்று யார் இருக்கிறாரோ அவரிடம் அனுப்பிவிடுவார்கள். போகும்போது மாத்திரைப் பையை மறக்க வேண்டாம்.