ஜேடிகே உள் வகுப்புகளைத் தொட இன்டெலிஜே ஐடியா எப்படி?

2017இல் ஜாவா 9 மொட்யூல்களை, அதாவது எந்தப் பொதி வெளியே தெரியலாம் என்று வரையறுக்கும் பிரிவுகளைக் கொண்டுவந்த பிறகு, ஜாவா நிரல் எழுதும் கருவித் தொகுப்பான ஜேடிகேயின் உள் வகுப்புகள் நேரே கிடைப்பதில்லை. இந்த இடத்தில் நிரல் எழுதும் மென்பொருளான இன்டெலிஜே நன்றாகவே கைகொடுக்கிறது. சிவப்பாகத் தெரியும் இம்போர்ட் வரியில் ஆல்ட்+என்டர் தட்டினால் மறைந்த பொதியைத் திறந்துவிடும் ‘ஆட்-எக்ஸ்போர்ட்ஸ்’ (--add-exports) தெரிவைக் கம்பைலர் அமைப்பில் அதுவே எழுதிவிடும்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். ஜேடிகேயின் சொந்தப் பொதிகளுக்கு எந்த ஜாவா பதிப்புக்குக் கம்பைல் செய்வது என்று சொல்லும் ‘ரிலீஸ்’ (--release) தெரிவையும் ஆட்-எக்ஸ்போர்ட்ஸையும் ஜாவா கம்பைலர் ஒன்றாக ஏற்காது. ரிலீஸ் போட்டால் அந்தப் பதிப்பின் பொது வகுப்புகள் மட்டுமே அதன் கண்ணுக்குத் தெரியும். செட்டிங்ஸில் ஜாவா கம்பைலர் பக்கத்துக்குப் போய் ரிலீஸ் பெட்டியின் சரிக்குறியை எடுத்துவிடுங்கள். கம்பைல் ஆனால் மட்டும் போதாது, ரன் அமைப்பின் விஎம் ஆப்ஷன்ஸிலும் அதே ஆட்-எக்ஸ்போர்ட்ஸ் வரி வேண்டும். ரிஃப்ளெக்ஷனால், அதாவது நிரல் ஓடும்போதே வகுப்பின் உள்ளே பார்க்கும் வழியால், பிரைவேட் ஃபீல்டைத் தொடுவதென்றால் ‘ஆட்-ஓபன்ஸ்’ (--add-opens) வேண்டும்.

பெரிய குறை ஒன்று: லைப்ரரிகளை இறக்கி ப்ராஜெக்ட்டைக் கட்டித்தரும் மேவன் கருவியில் உள்ள ப்ராஜெக்ட்டை மறுபடி லோட் செய்தால், கம்பைலர் அமைப்பில் போட்டதெல்லாம் போய்விடும். மேவனின் அமைப்புக் கோப்பான போம் ஃபைலில் (pom.xml) கம்பைலர் ஆர்க்ஸாக எழுதினால்தான் நிற்கும். அங்கேயும் ரிலீஸுக்குப் பதில் சோர்ஸ், டார்கெட் என்ற தெரிவுகளைப் போடுங்கள்.

ஹட்டன், பதுளைத் தோட்டப் பக்கம் சிக்னல் ஒரு கோட்டுக்கு இறங்கும் இடங்களில் இருப்பவர்கள், டவுனிலேயே லைப்ரரிகளை இறக்கிக்கொண்டு மேவனை ஆஃப்லைனில் போட்டுவிடுங்கள்.