பிளக் உள்ளே போகும், மைக் வேலை செய்யாது: கையடக்க ஹாம் ரேடியோக்களோடு பல வருட அனுபவம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் இத்தோடு கிளம்பலாம். கையில் எடுத்துப் போகிற ஹாம் ரேடியோவுக்கு, அதாவது லைசென்ஸ் வாங்கிப் பொழுதுபோக்காகப் பேசுகிற வயர்லெஸ் செட்டுக்கு, வெளி மைக் வாங்கும்போது பிளக் பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்து வாங்காதீர்கள். பெரும்பாலும் உள்ளே போய்விடும். எந்தக் கம்பி எந்தப் பின்னில் வருகிறது, பேசுவதற்கான பிடிடி (புஷ்-டு-டாக்) பட்டனை அழுத்தினால் எது எதோடு சேர்கிறது, மைக்குக்கு ரேடியோ மின்சாரம் கொடுக்கிறதா இல்லையா, இந்த மூன்றையும் பார்த்துவிட்டுக் காசை எடுங்கள்.

என்னிடம் இருப்பவை: பாவ்ஃபெங் யூவி-5ஆர், ஐகாம் ஐசி-வி80, யேசு எஃப்டி-60ஆர், மலைக்கு எடுத்துப் போக யேசு எஃப்டி-818. நான்கு செட், நான்கு விதமான மைக் இணைப்பு. யேசு இரண்டும் ஒரே கம்பெனிதானே, ஒரு மைக்கை மாற்றி மாற்றிப் போடலாமே என்று கேட்காதீர்கள். ஒன்றில் நான்கு தொடர்புப் பகுதிகள் கொண்ட 3.5 மி.மீ. பிளக், இன்னொன்றில் கம்ப்யூட்டர் லேன் கேபிள் போல ஆர்ஜே-45.

யூவி-5ஆரிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் புதிதாக லைசென்ஸ் வாங்குகிற பெரும்பாலானோர் கையில் அதுதான் இருக்கிறது. இதன் சாக்கெட் கென்வுட் ரெண்டு பின் வகை. மேலும் கீழுமாக ஒரு 3.5 மி.மீ. துளை, ஒரு 2.5 மி.மீ. துளை. ஸ்பீக்கர் ஒலி 2.5-ன் நுனியில் வருகிறது, அதன் அடிப்பகுதி, அதாவது ஸ்லீவ், கிரவுண்ட் (தரை இணைப்பு). மைக் 3.5-ன் வளையத்தில். பிடிடி என்பது வேறொன்றும் இல்லை, 3.5-ன் ஸ்லீவையும் 2.5-ன் ஸ்லீவையும் சேர்த்துவிட்டால் செட் டிரான்ஸ்மிட் ஆகிவிடும், அதாவது அலையை வெளியே அனுப்பத் தொடங்கிவிடும். இந்த ஒரு விஷயம் தெரிந்தால் இந்த ரேடியோவின் பாதி வம்புகளுக்குக் காரணம் புரிந்துவிடும். கம்ப்யூட்டரில் சேனல் ஏற்றுகிற கேபிளும் இதே துளைகளில்தான் போகிறது, தரவு போகிற கம்பிகளில் ஒன்று இந்த பிடிடி கம்பியேதான். கேபிளைச் சரியாகச் செருகாவிட்டால் தரவு போகாமல் சிவப்பு விளக்கு எரிந்து செட் தானாக டிரான்ஸ்மிட் ஆவது இதனால்தான். அப்போது டிரைவரையும் சாப்ட்வேரையும் திட்டிக்கொண்டு மணிக்கணக்கில் உட்காருவதற்கு முன்னால் பிளக்கை இன்னும் ஒரு மில்லிமீட்டர் அழுத்திப் பாருங்கள்.

அந்த ஒரு மில்லிமீட்டர்தான் இந்த வகையின் பெரிய தலைவலி. பின்களைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கட்டை சில மைக்குகளில் தடிமனாக இருக்கும், ரேடியோவின் உடம்பு இடித்து முழுசாக உள்ளே போக விடாது. பார்க்கப் போனது போலவே இருக்கும். உள் ஸ்பீக்கர் கட் ஆகியிருக்கும், வெளி ஸ்பீக்கருக்கும் ஒலி வராது, செட் செத்துவிட்டது என்றே நினைக்கத் தோன்றும். பிளேடால் அந்தக் கட்டையின் ஓரத்தைச் சீவிவிட்டால் சரியாகிவிடும். நான் வாங்கிய மலிவு ஸ்பீக்கர் மைக்குகளில் சீவாமல் உட்கார்ந்தவை குறைவு. ஒன்றில் பின்னே லேசாகச் சாய்ந்திருந்தது. விற்றவரிடம் கேட்டால் "எல்லா செட்டுக்கும் போகும் சார்" என்றார். போகும்தான்.

இன்னொரு விஷயம், இதைப் புதியவர்கள் கட்டாயம் செய்ய வேண்டும். இந்த பிளக்குக்குப் பூட்டு எதுவும் கிடையாது, இடுப்பில் மாட்டிக்கொண்டு நடந்தால் கேபிள் இழுபட்டுப் பாதி வெளியே வந்து, தொடக்கூடாத இடங்கள் தொட்டு, நமக்கே தெரியாமல் செட் டிரான்ஸ்மிட்டில் நின்றுவிடலாம். ரிப்பீட்டர், அதாவது எல்லோர் பேச்சையும் வாங்கித் திரும்ப அனுப்புகிற பொது நிலையம், அதன் அலைவரிசையில் அப்படி ஆனால் ஊரே பேச முடியாமல் நம்மைத் தேடும். யூவி-5ஆரில் டைம்-அவுட்டை, அதாவது டிரான்ஸ்மிட்டைத் தானாக நிறுத்துகிற நேரத்தை, 15 நொடியிலிருந்து 600 நொடிவரை வைக்கலாம். 60-ல் வைத்துவிடுங்கள், அதற்கு மேல் ஒரே மூச்சில் பேசுகிறவரை நிறுத்துவதும் நல்லதுதான்.

இத்தனை குறை சொன்னாலும் நான்கில் எனக்கு அதிகம் உதவுவது இந்த வகைதான், காரணம் ரொம்ப எளிது: எங்கும் கிடைக்கிறது. வூக்சன், டிஒய்டி, குவான்ஷெங் யூவி-கே5, கென்வுட்டின் சொந்த டிஹெச்-டி74 எல்லாவற்றிலும் இதே துளைகள். பக்கத்தில் நிற்பவரின் மைக்கைக் கடன் வாங்க முடிகிறது.

ஐகாம் வி80-க்கு வருவோம். இதிலும் 3.5, 2.5 என்று இரண்டு துளை. ஆனால் வேலை தலைகீழ்: இங்கே 3.5 ஸ்பீக்கருக்கு, 2.5 மைக்குக்கு. அதோடு பிடிடிக்குத் தனிக் கம்பி கிடையாது. மைக் கம்பியிலேயே சிறிய மின்னோட்டம் ஓடினால் அதைப் பார்த்து செட் டிரான்ஸ்மிட்டுக்குப் போகிறது, பட்டன் அந்தக் கம்பியில் தொடராக உட்கார்ந்திருக்கிறது. கம்ப்யூட்டரிலிருந்து டேட்டா அனுப்ப இண்டர்ஃபேஸ் கட்டுகிறவர்கள் அந்த இடத்தில் 33 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டு ஏமாற்றுவது இதற்காகத்தான். நேர்த்தியான யோசனை என்றுதான் சொல்வேன், கம்பி ஒன்று மிச்சம். ஆனால் கென்வுட் வகை மைக்கின் கம்பியை வெட்டி ஐகாம் பிளக் சால்டர் செய்தால் போதும் என்று கிளம்புகிறவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள், மைக்குக்குள்ளேயே பட்டன் போகிற வழியை மாற்ற வேண்டும். என் வி80-க்கு அசல் ஐகாம் மைக்கே வாங்கினேன். விலை கூடுதல், பல வருடமாக ஒரு தொல்லையும் இல்லை, எழுத வேறொன்றும் இல்லை.

எஃப்டி-60ஆரின் ஒற்றை 3.5 பிளக்கைப் பார்த்ததும் எல்லோருக்கும் தோன்றுவது, மொபைல் ஹெட்செட்டைப் போட்டால் என்ன? துளைக்குள் போகும், அவ்வளவுதான். இதற்கென்று இருக்கிற மைக்கைத்தான் தேட வேண்டும்.

இனி எஃப்டி-818. 2018-ல் வந்தது, இப்போது தயாரிப்பில் இல்லை, 817-ன் வாரிசு. கூடவே வருகிற எம்ஹெச்-31 மைக் டைனமிக் வகை (வெளி மின்சாரம் வேண்டாதது), கனமானது, கையில் நன்றாக உட்காரும். பின்பக்கம் ஒரு சிறிய டோன் சுவிட்ச் இருக்கிறது, அதை 2-க்குத் தள்ளினால் உயர் ஒலிகள் தூக்கலாகும். 6 வாட்டில் எஸ்எஸ்பி என்கிற குரல் முறையில் பேசும்போது மறுமுனைக்குப் புரிவதில் அந்தச் சுவிட்ச் செய்கிற வித்தியாசம் ஆண்டெனாவை மாற்றியது போல இருக்கிறது என்று சொன்னால் மிகை, ஆனால் என் குரல் எப்படிக் கேட்கிறது என்று அறிக்கை கொடுத்த பலரும் 2-ல்தான் தெளிவு என்றார்கள்.

பிரச்சினை ஆர்ஜே-45 முனையில். பையில் போட்டு எடுத்துப் போகிற பொருளுக்கு அந்த பிளாஸ்டிக் கொக்கி சரிப்படாது, ஒரு நாள் ஒடிந்தே தீரும். ஒடிந்தால் பிளக் தளர்ந்து பேச்சு நடுவில் வெட்டும். நெட்வொர்க் வேலை செய்கிறவர்களிடம் முனையைக் கேபிளில் அழுத்திப் பொருத்துகிற கிரிம்பிங் டூல் இருக்கும், புது முனை போட்டுக்கொள்ளலாம். ஆனால் சாதாரண லேன் முனைகள் பல ஒற்றைக் கெட்டிக் கம்பிக்கானவை. மைக்கின் சுருள் கேபிளில் இருப்பது மெல்லிய இழைக் கம்பி, அதற்கேற்ற முனை வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள், கேட்காவிட்டால் முதலில் கைக்கு வருவதைக் கொடுப்பார்கள்.

அதே ஆர்ஜே-45 ஐகாமின் 706-லும் இருக்கிறது, கென்வுட்டின் டிஎம்-வி71-லும் இருக்கிறது. மூன்றையும் மாற்றிச் செருகலாம், எதுவும் தடுக்காது. ஐகாமில் 1-வது பின்னில் 8 வோல்ட் வருகிறது, பிடிடி 4-ல், மைக் 6-ல். யேசுவின் வரிசை வேறு, அது தருவது 5 வோல்ட். தவிர ஐகாம் தன் எலக்ட்ரெட் மைக்குக்காக (இது மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும் வகை) மைக் கம்பியிலேயே மின்னழுத்தம் அனுப்புகிறது. எம்ஹெச்-31 போன்ற டைனமிக் மைக்கை ஐகாமுக்கு மாற்றி வயர் செய்பவர்கள் நடுவில் ஒரு கெப்பாசிட்டர் போட்டு அந்த டிசியைத் தடுக்க வேண்டும். எதிர்த்திசையில், எலக்ட்ரெட் ஹெட்செட்டை 818-ல் போட்டால் அதற்கு வேண்டிய மின்சாரத்தை அந்த 5 வோல்ட்டிலிருந்து ஒரு ரெசிஸ்டர் வழியாக நாம்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மாடுலேஷனே இருக்காது, அதாவது அலையில் குரல் ஏறாது. நண்பர் ஒருவரின் எலக்ராஃப்ட் கேஎக்ஸ்3-ல் இதை மெனுவிலேயே ஆன், ஆஃப் செய்யலாம். மற்ற கம்பெனிகளும் இப்படிச் செய்திருந்தால் நான் இதை எழுதவே வேண்டியிருந்திருக்காது.

ஆர்ஜே-45-ல் ஒரு நல்லதும் உண்டு. மைக் கேபிளை நீட்ட வேண்டுமானால் நேர் இணைப்பு லேன் கேபிளும், இரண்டு கேபிளைச் சேர்க்கிற ஒரு கப்ளரும் போதும். கப்ளர் எட்டுக் கம்பியையும் நேராகக் கடத்துகிறதா என்று மீட்டர் வைத்துப் பாருங்கள், டெலிபோன் வகையில் சில வரிசையைத் திருப்பிப் போடும். நீண்ட கேபிளில் ஆர்எஃப், அதாவது நாம் அனுப்புகிற ரேடியோ அலையே, ஏறி ஆடியோ கரகரக்கும், அதிலும் எண்ட்-ஃபெட் (ஒரு முனையில் இணைக்கிற கம்பி) ஆண்டெனா தலைக்கு மேலேயே இருந்தால் கேட்கவே வேண்டாம். ரேடியோ பக்கத்தில் அந்த அலையைத் தடுக்கிற ஒரு ஃபெரைட் கிளிப்பில் கேபிளை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றினால் எனக்கு அடங்கிவிடுகிறது.

ஐகாம் ஐசி-705 வாங்க நினைப்பவர்கள் கேட்கிறார்கள். அதில் மைக் 2.5, ஸ்பீக்கர் 3.5, கூடவே ஸ்பீக்கர் மைக்கும் தருகிறார்கள். உங்கள் பழைய 8 பின் வட்ட மைக்கையோ ஆர்ஜே-45 மைக்கையோ அதில் போட அடாப்டர் வேண்டும். அடாப்டர் வாங்கினால் எந்த மாடல் மைக்குக்கு என்று எழுதியிருக்கிறதா பாருங்கள், "ஐகாமுக்கு" என்று மட்டும் இருந்தால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.