சுவரில் மாடு, நாரை, முதலை: வீட்டு மெஷினா, ரேடியம் கடையா?

மன்னார்குடியில் எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் ஓர் உம்பளச்சேரி மாடு நிற்கிறது. திமில் உச்சியிலிருந்து குளம்பு வரை ஒன்றேமுக்கால் அடி, மூக்கிலிருந்து வால் வரை இரண்டரை அடி. உள்ளறையில் கட்டிலுக்கு மேலே நான்கடி நீளத்துக்கு ஒரு முதலை படுத்திருக்கிறது. இரண்டுமே வினைல் ஸ்டிக்கர்தான். மாட்டை, வண்டிகளுக்கு நம்பர் பிளேட் ஒட்டித் தரும் ரேடியம் கடையில் வெட்டி வாங்கினேன். முதலையை வீட்டு மேசையில், கம்ப்யூட்டரில் வரைந்த கோட்டின்படி பிளேடை ஓட்டி ஸ்டிக்கர் வெட்டும் சொந்த மெஷினில் வெட்டினேன். வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: மெஷின் வாங்கலாமா, கடையில் கொடுத்தால் போதுமா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் அறையில் ஒரே ஒரு சுவருக்கு வேண்டும் என்றால் கடைக்குப் போங்கள். உருவங்களை நீங்களே வரைந்து, மாதத்துக்கு இரண்டு மூன்றாவது வெட்டுவீர்கள் என்றால் மெஷின் வாங்குங்கள். ஒரு நடுத்தர ஸ்மார்ட்போன் வாங்குகிற பணம் அதற்குப் போகும். கடையில் சதுர அடிக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு வாங்குவார்கள். ஒரு மாட்டுக்காக மெஷின் வாங்குவது, ஒரு மரக்கால் நெல்லுக்காக ரைஸ் மில் வைப்பது போலத்தான்.

"நீங்களே வரைந்து" என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. மெஷினோடு வரும் படத் தொகுப்பில் நரி, கரடி, பனிமான், ஒட்டகச்சிவிங்கி எல்லாம் வரிசையாக நிற்கும். நம் ஊர் உயிர்களை நான் தேடியவரை அங்கே காணவில்லை. கோடியக்கரை வெளிமான், வடுவூர் ஏரிக்கு வரும் நத்தை குத்தி நாரை, கொள்ளிடத்து முதலை, காவிரி நீர்நாய் எல்லாமே நாமே வரைந்தால்தான் உண்டு. வடுவூர் ஏரி 2022ல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அவ்வளவு பக்கத்தில் அவ்வளவு பறவைகள் இருக்கும்போது, நம் பிள்ளை சுவரில் பனிமானைப் பார்த்து வளர வேண்டுமா என்பது என் ஆதங்கம்.

சரி, அளவுக்கு வருவோம். மெஷினா கடையா என்ற முடிவில் பாதியை அளவே எடுத்துவிடுகிறது. வீட்டில் வைக்கும் கிரிக்கெட் (Cricut) எக்ஸ்ப்ளோர், மேக்கர், சில்லவெட் (Silhouette) கேமியோ போன்ற மெஷின்களில் பொதுவாக 12 அங்குல அகலம்தான் ஓடும். வெட்டக் கிடைப்பது அதிலும் அரை அங்குலம் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். நீளத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. தாளைப் பிடித்துக்கொள்ளும் பசைப் பலகையான மேட் இல்லாமலே ஓடுகிற ஸ்மார்ட் வினைல் ரோலைப் போட்டால் கிரிக்கெட் எக்ஸ்ப்ளோர் 3 ஒரே மூச்சில் 12 அடி வரை வெட்டும். ரேடியம் கடையின் பெரிய வெட்டு மெஷினான பிளாட்டரில் இரண்டடி அகல ரோல் ஓடும்.

ஆகவே மெஷினுக்குப் பொருந்துவது நீளமான உயிர்கள். முதலை, விரால், கீரி, நீர்நாய், சாரைப்பாம்பு எல்லாம் ஓரடிப் பட்டைக்குள் அழகாகப் படுத்துக்கொள்ளும். நிற்கும் நாரையைத் திரையில் படுக்கவைத்தால் அதுவும் அடங்கிவிடும். மூன்றடி உயர நாரைக்கு ஓரடி அகலம் தாராளம். மாடும் யானையும் அப்படி இல்லை, நீளம் கூடக் கூட உயரமும் கூடி ஓரடியைத் தாண்டிவிடும். அவற்றை வீட்டில் வெட்ட வேண்டுமானால் இரண்டு மூன்று துண்டாக்கிச் சுவரில் சேர்க்க வேண்டும். விளிம்போடு விளிம்பு வைத்து ஒட்டினால் நாளாக நாளாக வினைல் சற்றுச் சுருங்கி, நடுவில் வெள்ளைக் கோடு தெரியும். இரண்டு மில்லிமீட்டர் மேலேற்றி ஒட்டினால் கோடு மறையும், ஆனால் தடிப்பு தெரியும். மாட்டின் வயிற்றுக்குக் குறுக்கே அப்படி ஒரு தடிப்பு இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. பெரிய மாடு கடைக்குப் போனது இப்படித்தான்.

கடையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். வெள்ளைத் தாளில் கறுப்பு மார்க்கரால் வரைந்து, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். கடைத் தம்பி கோரல்டிரா என்ற வரைகலை மென்பொருளில் ட்ரேஸ் போட்டு, அதாவது போட்டோவை வெட்டுக்கோடாக மாற்றிவிட்டு, திரையைக் காட்டினார்.

"அக்கா, நெத்தியில ஒரு ஓட்டை விழுந்திருக்கு. அடைச்சிடட்டுமா?"

"ஓட்டை இல்லை தம்பி, அது சுட்டி. அது போனா உம்பளச்சேரி மாடே இல்லை."

நல்ல வேளை, கேட்டுவிட்டுத்தான் கை வைத்தார். உம்பளச்சேரிக் கன்று பிறக்கும்போது செம்மை நிறமாக இருக்கும், மாதங்கள் போகப் போகச் சாம்பலாகும். நெற்றியில் வெள்ளைச் சுட்டி, காலில் வெள்ளை, வால் நுனியில் வெள்ளை. இந்த மூன்றும்தான் அதன் அடையாளம். ஒரே நிற வினைலில் வெள்ளைக்குத் தனி ஸ்டிக்கர் தேவையில்லை, அந்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டால் சுவரே வெள்ளையாகிவிடும். ஆனால் குளம்புக்கு மேலே வெள்ளைப் பட்டை விடும்போது குளம்புகள் உடலை விட்டுப் பிரிந்து நான்கு குட்டித் துண்டுகளாக நிற்கும். அவை இடம் மாறாமல் சுவருக்குப் போவதற்குத்தான், மேலே ஒட்டி எல்லாவற்றையும் ஒன்றாகத் தூக்கும் டிரான்ஸ்பர் டேப். கடையில் கொடுத்தால் அந்த டேப்பையும் ஒட்டியே தரச் சொல்லுங்கள்.

போட்டோ அனுப்புவதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறைந்து போகும், ட்ரேஸ் போட்டால் முதுகுக்கோடு ரம்பப்பல் போல வரும். டாக்குமெண்டாக அனுப்புங்கள். இலவச மென்பொருளான இங்க்ஸ்கேப்பில் நீங்களே ட்ரேஸ் போட்டு, கோட்டைச் சீர்செய்து, பிடிஎஃப் ஆகக் கொடுத்தால் இன்னும் நல்லது. இதை ஒரு தடவை கற்றுக்கொண்டால் அதே கோட்டை எஸ்விஜி என்ற கோட்டுப்படக் கோப்பாகவும் சேமித்து வீட்டு மெஷினுக்கும் பயன்படுத்தலாம்.

கடையால் முடியாதது ஒன்று உண்டு: பொறுமையான சோதனை. நத்தை குத்தி நாரையின் அலகு மூடியிருக்கும்போதும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். அந்தப் பறவைக்கு அதுதான் முகம். முதல் வெட்டில் இடைவெளியை ஒரு மில்லிமீட்டர் வைத்தேன். மெஷின் வெட்டிவிட்டது. ஆனால் உள்ளே இருந்த துணுக்கைக் கொக்கி ஊசியால் எடுக்கும்போது கீழ் அலகும் சேர்ந்து வந்துவிட்டது. இரண்டு மில்லிமீட்டர், பிறகு மூன்று. மூன்றில்தான் அலகு நின்றது, மூன்றடி தள்ளி நின்று பார்த்தாலும் இடைவெளி தெரிந்தது. வெளிமானின் முறுக்குக் கொம்புக்கும் இப்படியே நான்கு தடவை வெட்டினேன். கடையில் நின்றுகொண்டு "இன்னொரு தடவை, இன்னொரு தடவை" என்று கேட்க முடியுமா? பின்னால் நான்கு பைக் காத்துக்கொண்டிருக்கும்.

வெட்டியபின் வேண்டாததை உரித்தெடுக்கும் இந்த வேலையை எங்கள் வீட்டில் களையெடுப்பு என்றுதான் சொல்கிறோம். நடவு வயலில் பழகிய அம்மாவுக்கு இது கைவந்த கலை. நாற்றுக்கு வலிக்காமல் களையை மட்டும் பிடுங்குகிற அதே விரல் நிதானத்தோடு நாரையின் கால் விரல்களுக்கு நடுவே எடுத்துத் தருவார்.

மெஷின்களுக்குள் எது என்றால், என்னிடம் இருப்பது கிரிக்கெட் எக்ஸ்ப்ளோர் 3, அண்ணன் வீட்டில் கேமியோ 4. இரண்டும் நன்றாகவே வெட்டுகின்றன, வேறுபாடு மென்பொருளில்தான். கிரிக்கெட்டின் மென்பொருளான டிசைன் ஸ்பேஸில் கணக்கு திறக்க வேண்டும், பெரும்பாலும் இணையம் வேண்டும். ஆனால் எஸ்விஜி கோப்பை இலவசமாகவே உள்ளே எடுக்கும், முதல் நாளே கை பழகிவிடும். கேமியோவின் மென்பொருளான சில்லவெட் ஸ்டுடியோ இணையம் இல்லாமல் ஓடும், வரைவதற்கும் ட்ரேஸ் போடுவதற்கும் வசதி அதிகம். ஆனால் எஸ்விஜி திறக்கக் காசு கட்டி மேல்பதிப்பு வாங்க வேண்டும். இலவசப் பதிப்பில் டிஎக்ஸ்எஃப் என்ற இன்னொரு வகைக் கோட்டுப்படக் கோப்பு திறக்கும், இங்க்ஸ்கேப்பில் அப்படியே சேமித்துக்கொள்ளலாம். இணையம் அடிக்கடி போகும் ஊர் என்றால் கேமியோதான் என் பரிந்துரை. கம்ப்யூட்டரே வேண்டாம், தாளில் வரைந்ததை அப்படியே வெட்ட வேண்டும் என்பவர்களுக்கு ஸ்கேனரோடு வருகிற பிரதர் ஸ்கேன் என் கட் இருக்கிறது. எது வாங்கினாலும் வெட்டும் நேரத்தில் கரண்ட் போனால் அந்தத் தாள் வீண். இன்வெர்ட்டர் பாயிண்டில் மாட்டுங்கள்.

பேப்பர் கட்டரும் கார்பன் தாளும் வைத்துக் கையால் வெட்டலாமா? யானை, ஆமை போல உருண்டையான உருவம் ஒன்றிரண்டுக்குத் தாராளமாக வெட்டலாம். கொம்பும் இறகும் வந்தால் வேண்டாம்.

இனி வினைல். ஓராகால் என்ற பிராண்டின் 631, 651 என்ற இரண்டு எண்களை நினைவில் வைத்தால் போதும். 631 மேட் ரகம், பளபளக்காது. அதன் பசை கழற்றுவதற்கென்றே அமைந்தது. 651 பளபளப்பு ரகம், நிரந்தரப் பசை, வெயிலுக்கும் மழைக்கும் வெளியில் ஒட்டுவது. ரேடியம் கடையில் பைக்குக்கு ஒட்டும் ரோலும் பெரும்பாலும் இந்தப் பளபளப்புக் குடும்பம்தான். வீட்டுச் சுவருக்கு 631 என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. டியூப்லைட் வெளிச்சத்தில் 651 மாடு எண்ணெய் தடவியது போல மினுங்கும், 631 மாடு பெயிண்டில் வரைந்தது போல இருக்கும். கழற்றும்போது ஹேர் டிரையர் சூடு காட்டி, தோலை மடித்து உரிப்பது போல மெதுவாக இழுத்தால் 631 சுத்தமாக வரும். 651 சில இடங்களில் பெயிண்டையும் கூட்டிக்கொண்டு வரும். வாடகை வீட்டுக்காரர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். நான் 631 ரோலை ஆன்லைனில் வாங்கிக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன், தடை சொல்லாமல் வெட்டிக் கொடுத்தார்கள். பீரோ, ஃபிரிட்ஜ், சமையலறை டைல்ஸ் என்றால் 651 நல்லது, துடைக்கத் துடைக்க நிற்கும்.

எல்லாவற்றையும் விடப் பெரியது சுவர். எவ்வளவு நல்ல மெஷினில் வெட்டினாலும் சுவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் ஒன்றும் நிற்காது. உள்ளங்கையால் சுவரைத் தேய்த்துப் பாருங்கள். கையில் வெள்ளை ஒட்டினால் அது சுண்ணாம்போ டிஸ்டெம்பரோ, அதில் வினைல் நிற்காது. ஒட்டிய அன்று நிற்கும், பத்து நாளில் மாவோடு சேர்ந்து உரியும். எமல்ஷன் சுவர் என்றால் நன்றாக நிற்கும். ஆனால் புதுப் பெயிண்ட் முழுதாக இறுக மூன்று நான்கு வாரம் வேண்டும். பொங்கலுக்குப் பெயிண்ட் அடித்தால் மாசி பிறந்து சில நாள் போகட்டும்.

அடுத்தது ஓதம். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் தரையிலிருந்து இரண்டு மூன்று அடிக்கு ஈரம் ஏறி உப்புப் பூத்துவிடும். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் கேட்கவே வேண்டாம். மாடு தரையில் நிற்பது போல இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு முதல் மாட்டைச் சுவரின் அடியிலேயே ஒட்டினேன். ஐப்பசி அடைமழையில் கால்கள் கொப்புளித்து, கார்த்திகையில் நான்கு குளம்பும் தரையில் கிடந்தன. இப்போது நிற்கும் மாடு இரண்டாவது. நான்கடி உயரத்தில் ஒரு மெல்லிய வரப்புக் கோடு வெட்டி, அதன்மேல் நிறுத்தியிருக்கிறேன். இரண்டு மழைக்காலம் கடந்தும் ஒரு விளிம்பு தூக்கவில்லை.

சுண்ணாம்புச் சுவர்தான், மாற்றவும் முடியாது என்றால் வினைலை விட்டுவிடுங்கள். மெஷினில் ஓஎச்பி ஷீட்டை (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள்) அச்சாக வெட்டிச் சுவரில் பிடித்துக்கொண்டு, பஞ்சால் பெயிண்ட் ஒற்றி எடுங்கள். இங்கே வீட்டு மெஷின்தான் நேராக ஜெயிக்கிறது. ஒன்று மட்டும் கவனம்: ஸ்டிக்கரில் வெட்டி எறிந்த சுட்டி, அச்சில் தனித் தீவாக நிற்க வேண்டும். மெல்லிய பாலம் ஒன்று விட்டு உடலின் விளிம்போடு இணைக்காவிட்டால் கீழே விழுந்துவிடும்.

இப்போதெல்லாம் நான் இரண்டையும் சேர்த்தே பயன்படுத்துகிறேன். சின்ன அளவில் வீட்டில் வெட்டிப் பார்த்து, கோடு திருந்தியபின் அதே கோப்பைப் பெரிதாக்கிக் கடைக்குக் கொடுப்பது. தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில் காளையும் யானையும் ஒரே தலையைப் பகிர்ந்து நிற்கும் சிற்பம் இருக்கிறதே, அதை இந்த மாதம் வரைந்து எட்டு அங்குலத்தில் வெட்டியிருக்கிறேன். இரண்டு நிறம் போட்டால் மர்மம் போய்விடும் என்பதால் ஒரே கறுப்பு. அண்ணன் மகள் ஒரு பக்கத்தை உள்ளங்கையால் மூடுகிறாள், "காளை" என்கிறாள். கையை மாற்றி மூடிப் பார்க்கிறாள், யானை இன்னும் முழுதாக வரவில்லை. கண்ணை இரண்டு மில்லிமீட்டர் கீழே இறக்கி நாளைக்கு மறுபடி வெட்ட வேண்டும். அவள் தயங்காமல் "யானை" என்று சொன்ன பிறகுதான் கோப்பு கடைக்குப் போகும்.