கிரேக்க 'எக்கோ': 'இருக்கிறது' என்பதா, 'கொள்' என்பதா?

பழங்கிரேக்கம் படிப்பவர் முதல் வாரத்திலேயே சந்திக்கும் வினை எக்கோ. அகராதி தரும் பொருள் 'உடையேன்', 'பிடித்திருக்கிறேன்'. (எதிரொலியைக் குறிக்கும் சொல்லுக்கு முதலெழுத்து நெடில், அது வேறு.) தமிழாக்க இரண்டு வழிகள்: 'எனக்கு இருக்கிறது' என்று நான்காம் வேற்றுமையில் வைக்கலாம், அல்லது 'கொள்' என்ற வினையை எடுக்கலாம். நான் எடுப்பது 'கொள்'.

வீடு, பணம், நேரம் பற்றிய வரிகளில் 'இருக்கிறது' போதும். வினையடை சேர்ந்தாலும் அதுதான் சரி: 'கலோஸ் எக்கெய்' என்றால் 'நன்றாக இருக்கிறது'.

இறந்தகாலம் வந்ததும் 'இருக்கிறது' தடுமாறுகிறது. எக்கோவுக்கு இறந்தகால வடிவங்கள் இரண்டு. எய்கொன் என்பது நீடித்த நிலை. எஸ்கொன் பெரும்பாலும் அந்த நிலையை அடைந்த கணம். 'இரு' இரண்டையும் 'இருந்தது' என்று ஒன்றாக்கிவிடும். 'கொள்' பிரித்துக் காட்டும்: கொண்டிருந்தான், கொண்டான். யோவான் நற்செய்தி 4:18-இல் எஸ்கெஸ் (எஸ்கொனின் முன்னிலை), எக்கெய்ஸ் (எக்கோவின் முன்னிலை) இரண்டும் ஒரே வசனத்தில் வருகின்றன. 'ஐவரைக் கணவராகக் கொண்டாய். இப்போது கொண்டிருப்பவன் உன் கணவன் அல்லன்' என்றால் கிரேக்கத்தின் வேறுபாடு அப்படியே நிற்கிறது. கணவனைக் 'கொண்டவன்' என்றே சொல்லும் மொழிக்கு இது வலிந்த பெயர்ப்பும் அல்ல.

எச்சத்திலும் 'கொள்' கைகொடுக்கும். கிரேக்க எழுத்தாளர் ஸெனபோனின் படையெடுப்பு வரலாறான அனபாசிஸில் மெனோன் என்ற படைத்தலைவன் 1,000 கவச வீரரையும் 500 இலகு வீரரையும் 'எக்கோன்' வருகிறான். 'கொண்டு வந்தான்' என்றால் முடிந்தது. 'வயிற்றில் எக்கெய்ன்' என்ற தொடரோ நம் 'கருக்கொண்டிருத்தல்'தான்.

வடிவம் தேடுவோருக்கு ஒன்று: எஸ்கொன் என்பதன் முதல் 'எ' இறந்தகால முன்னொட்டு. எச்ச வடிவங்களில் அது நீங்கி ஸ்கெய்ன், ஸ்கோன் என்று மிஞ்சும். அகராதியில் அவற்றுக்கும் எக்கோவின் கீழேதான் பார்க்க வேண்டும். எதிர்காலத்தில் ஹெக்ஸோ என்று 'ஹ' முளைப்பதைப் பார்த்து வேறு வினை என்று எண்ணிவிடுவோர் பலர். வேரின் பழைய 'ஸ' ஹகரமானது. நிகழ்காலத்தில் பின்னால் வரும் மூச்சொலி (எக்கோவின் 'க்க' கிரேக்கத்தில் மூச்சோடு ஒலிக்கும் 'க்ஹ') அதை விழுங்கிவிட்டது, எதிர்காலத்தில் அந்த மூச்சொலி இல்லாததால் ஹகரம் பிழைத்தது.

'கொள்' எங்கும் செல்லாது. அதே யோவான் 4:52-இல் எஸ்கென் வினையடையோடு வருகிறது. அங்கே 'தேறினான்' என்றே எழுத வேண்டும். 'ஊக் எக்கோ' என்பதோடு வினையெச்சம் சேர்ந்தால் 'முடியாது'. ஹோமரில் குதிரைகளோடு வந்தால் 'ஓட்டு'. வரலாற்றாசிரியர் துசிடிடீஸில் கப்பல்களோடு எஸ்கொன் வந்தால் 'கரை சேர்ந்தார்கள்'.