12 அங்குலத்தை எப்படி எடுப்பது? செவர்லே சி10 பிக்கப்பின் சேஸிஸைக் குறுக்கும் வழிகள்: ஓர் ஒப்பீடு

1967 முதல் 1972 வரையிலான செவர்லே சி10 பிக்கப் இரண்டு நீளங்களில் விற்கப்பட்டது. ஆறரை அடிச் சரக்குத் தொட்டி கொண்ட குட்டை வண்டியின் வீல்பேஸ், அதாவது முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையிலான தூரம், 115 அங்குலம். எட்டடித் தொட்டி கொண்ட நெட்டை வண்டியின் வீல்பேஸ் 127 அங்குலம். அன்றைய அமெரிக்காவில் விவசாயிகளும் கட்டட வேலைக்காரர்களும் பாரம் ஏற்றுவதற்கென்றே இவற்றை வாங்கியதால் நெட்டை வண்டிகள் ஏராளமாகச் சாலைக்கு வந்தன. பழைய வண்டிகளைப் புதுப்பிப்போர் இன்று தேடுவதோ குட்டை வண்டியை. அதற்கான விலையும் அதற்கேற்ப உயர்ந்திருக்கிறது. ஆகவே, துரு அதிகம் ஏறாத நெட்டை வண்டியை வாங்கி, எஞ்சினும் கேபினும் தொட்டியும் அமரும் அடிச்சட்டமான சேஸிஸிலிருந்து 12 அங்குலத்தை எடுத்துவிடுவது அங்கே பரவலான வேலையாகிவிட்டது. நெட்டை வண்டியைக் குட்டையாக்க நான்கு வழிகள் உள்ளன. ஒட்டு எவ்வளவு தடிமனானது என்பதைவிட, வெட்டு எந்த இடத்தில் எந்த வடிவில் விழுகிறது என்பதே சேஸிஸின் ஆயுளைத் தீர்மானிக்கிறது என்பது என் உறுதியான கருத்து. கீழே உள்ள ஒப்பீடு முழுவதும் அந்த அளவுகோலை வைத்தே செல்கிறது.

எந்த வழியைத் தேர்ந்தாலும் மாறாத கட்டுப்பாடு ஒன்று உண்டு. சி10-இல் பின்னச்சு பெரும்பாலும் கமான் பட்டைகளின் (லீஃப் ஸ்பிரிங்) மேல் அமர்வதில்லை. சுருள் ஸ்பிரிங்குகளின் கீழே, முன்னோக்கி நீளும் இரண்டு கைகளால் பிடிக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கைகளின் முன்முனை ஒரு குறுக்குச் சட்டத்தில் பூட்டப்பட்டிருக்கும். அச்சுக்கும் அந்தக் குறுக்குச் சட்டத்துக்கும் இடையிலான தூரம் நூலளவும் மாறக் கூடாது. எனவே 12 அங்குலத்தைக் குறுக்குச் சட்டத்துக்கு முன்னால் எடுக்க வேண்டும். பின்னால் எடுப்பதானால், குறுக்குச் சட்டத்தின் ரிவெட்டுகளைத் துளைத்தெடுத்து அதையும் அதே அளவு முன்னே நகர்த்திப் பூட்ட வேண்டும். கேபினின் ஆதாரங்களும் கியர்பாக்ஸைத் தாங்கும் சட்டமும் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். செவர்லேயின் சகோதர நிறுவனமான ஜிஎம்சியின் அதே காலத்து அரை டன் வண்டிகளில் கமான் பட்டையே வழக்கமாக வந்தது. அங்கே பட்டையின் முன் தாங்கிக்கு முன்னால் வெட்டு விழ வேண்டும். எட்டடித் தொட்டி ஆறரை அடியாவதில் 12 அங்குலம் போக எஞ்சிய நீளம் அச்சுக்குப் பின்னால் உள்ள வாலிலிருந்து போகும். அது எளிய வேலை. கடைசிக் குறுக்குச் சட்டத்தைக் கழற்றி, சேஸிஸின் இருபுறமும் நெடுக ஓடும் எஃகுச் சேனல்களின் முனையை அறுத்து, மீண்டும் பூட்டினால் போதும், அங்கே ஒட்டு என்பதே இல்லை.

முதல் வழி, சேஸிஸை வெட்டாமலே இருப்பது, அதாவது வேறொரு குட்டை வண்டியின் அசல் சேஸிஸை வாங்கி நம் கேபினை அதன்மேல் ஏற்றுவது. கட்டுமானத்தின் கோணத்தில் இதற்கு நிகரான வழி கிடையாது. தொழிற்சாலையில் வளைத்த முழு சேனல், ஒட்டில்லாத உலோகம். வண்டியை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் புதுப்பிப்பவருக்கு இதில் கூடுதல் உழைப்பும் பெரிதாக இல்லை, ஏனெனில் எஞ்சின், கேபின், அச்சுகள், பிரேக் குழாய்கள் எல்லாம் எப்படியும் கழன்று வரத்தான் போகின்றன. ஆனால் எல்லோரும் தேடும் பொருள் என்பதால் நல்ல குட்டை சேஸிஸ் எளிதில் அகப்படுவதில்லை; அகப்படுவதும் பல வேளைகளில் பின்வளைவில் துரு தின்றதாகவோ விபத்தில் முறுக்கேறியதாகவோ இருக்கிறது. இன்னொரு சிக்கல் வண்டி எண். உரிமைப் பத்திரத்தில் உள்ள எண் ஒன்றும் சேஸிஸில் பொறித்த எண் வேறொன்றும் ஆகிவிடும். அந்த எண்ணை அழிப்பதோ மாற்றிப் பொறிப்பதோ அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். ஆகவே சேஸிஸ் வாங்கிய ரசீதையும் அதன் பழைய வண்டியின் பத்திரங்களையும் பத்திரப்படுத்தி, மாநிலப் பதிவு அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுத் தெளிந்த பிறகே பணத்தைக் கொடுக்க வேண்டும். தன் சேஸிஸையே குறுக்குபவருக்கு இந்தத் தொல்லை இல்லை. பொறித்த எண் வெட்டுப்படும் துண்டில் இல்லை என்பதை மட்டும் அவர் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது வழி நேர்வெட்டு. சேனலைச் செங்குத்தாக இரண்டு இடங்களில் அறுத்து, நடுத்துண்டை எடுத்துவிட்டு, முனைகளைச் சேர்த்துப் பற்றவைத்து, மேலே ஒரு தகட்டை வைத்து ஒட்டுவது. அளப்பது எளிது, அறுப்பது எளிது, இரண்டு பக்கச் சேனல்களையும் ஒரே அளவில் வைப்பதும் எளிது. இதன் குறை அந்த எளிமைக்குள்ளேயே இருக்கிறது. சேனலை மேல் மடிப்பு, கீழ் மடிப்பு, இரண்டையும் இணைக்கும் நிமிர்ந்த நடுத்தகடு என்று மூன்றாகப் பார்க்கலாம். தொட்டியில் பாரம் ஏறிச் சேஸிஸ் வளைய முயலும்போது இழுவிசையையும் அமுக்குவிசையையும் பெரும்பாலும் தாங்குபவை இரண்டு மடிப்புகளே. நடுத்தகட்டின் மையக் கோட்டில் வளைவின் அழுத்தம் ஏறத்தாழ இல்லாமற்போகிறது. நேர்வெட்டில் மேல் மடிப்பும் கீழ் மடிப்பும் ஒரே கோட்டில் துண்டிக்கப்பட்டு, ஒட்டுகள் இரண்டும் இழுவிசைக்கு நேர்குறுக்காக நிற்கின்றன. பற்றவைப்பில் எங்கேனும் ஊடுருவல் குறைந்தாலோ விளிம்பில் சிறு பள்ளம் விழுந்தாலோ, உலோகச் சோர்வு அங்கிருந்துதான் தொடங்கும்; தொடங்கிய விரிசலை வழிமறிக்க அந்தக் குறுக்குவெட்டில் வெட்டுப்படாத உலோகம் ஒரு விரற்கடையும் இருக்காது.

இந்தக் குறையை மூடத்தான் தகடு வைக்கிறார்கள், அதிலும் ஒரு பொறி இருக்கிறது. செவ்வகத் தகட்டை நான்கு பக்கமும் சுற்றிப் பற்றவைத்தால், தகடு முடியும் இடத்தில் செங்குத்தாக ஓடும் ஒட்டு புதிய பலவீனக் கோடாகிவிடுகிறது. சேஸிஸ் பழைய வெட்டில் உடையாமல் தகட்டின் ஓரத்தில் உடைகிறது. ஆகவே தகட்டின் முனைகளைச் சாய்சதுரம்போலக் கூராக்க வேண்டும். நெடுக ஓடும் சாய்ந்த ஓரங்களைப் பற்றவைத்து, கூர்முனையை ஒட்டாமல் விட வேண்டும். நடுவில் துளைகளிட்டு அவற்றை நிரப்பிப் பற்றவைக்கலாம். தகடு வெளியே தெரிந்து வண்டியின் தோற்றத்தைக் கெடுக்கிறது என்போர் அதைச் சேனலின் உட்புறத்தில் வைக்கலாம், வலுவில் பெரிய வேறுபாடில்லை.

மூன்றாவது வழியான படிவெட்டுதான் என் தேர்வு. இதில் மேல் மடிப்பை ஓரிடத்தில் வெட்டி, நடுத்தகட்டின் பாதி ஆழம்வரை இறங்கி, அங்கிருந்து ஆறேழு அங்குலம் கிடையாக ஓடி, பிறகு கீழ் மடிப்பை வேறோரிடத்தில் வெட்டி வெளியேற வேண்டும். எடுத்தெறியும் துண்டின் இரு முனைகளும் ஒரே படிவடிவில், சரியாக 12 அங்குல இடைவெளியில் இருந்தால், எஞ்சிய முனைகள் ஒன்றோடொன்று பொருந்திவிடும். மேல் மடிப்பு வெட்டுப்பட்ட இடத்தில் கீழ் மடிப்பு முழுதாக இருக்கிறது, கீழ் மடிப்பு வெட்டுப்பட்ட இடத்தில் மேல் மடிப்பு முழுதாக இருக்கிறது. நீளமான கிடை ஒட்டோ வளைவு அழுத்தம் மிகக் குறைந்த மையக் கோட்டின்மேல் அமர்கிறது. நேர்வெட்டுக்குத் தகடு இன்றியமையாதது. படிவெட்டுக்கு அது கூடுதல் காப்பு. நடுத்தகட்டையும் மடிப்புகளையும் 45 பாகையில் சாய்த்து வெட்டுவோரும் உண்டு. அது நேர்வெட்டைவிட நிச்சயமாக மேல், ஆனால் நான்கு முனைகளின் சாய்வும் ஒத்துவரும்படி அறுக்கும் சிரமத்துக்குப் படிவெட்டு அளவுக்குப் பலன் தருவதில்லை என்றே கருதுகிறேன்.

படிவெட்டில் இருவகைத் தவறுகள் அடிக்கடி நிகழ்கின்றன. படியின் உள்மூலையில் கிரைண்டர் தட்டு கோட்டைத் தாண்டிச் சற்றே அறுத்துவிட்டால் அந்தக் கீறல் பற்றவைப்புக்குப் பின்னும் விரிசலின் விதையாக நிற்கும். ஆகவே மூலையில் முதலில் ஒரு துளையிட்டு, இரு பக்க வெட்டுகளையும் அந்தத் துளையில் முடிக்க வேண்டும். மற்றது, சேனலின் ஆழம் மாறும் பகுதியில் வெட்டுவது. ஒரு முனையில் ஆழம் கூடுதலாகவும் மறுமுனையில் குறைவாகவும் இருந்தால் மடிப்புகள் நேர்கோட்டில் சேராது, சுத்தியலால் தட்டிச் சேர்ப்பது வேலையே அல்ல. அட்டையில் படிவடிவை வெட்டி, நான்கு இடங்களிலும் வைத்துக் கோடு கிழித்துப் பார்த்துவிட்டுக் கிரைண்டரைக் கையில் எடுப்பது நல்லது.

நான்காவது வழியில் பற்றவைப்பே இல்லை. நேர்வெட்டாகக் குறுக்கி, சேனலுக்குள் இறுக்கமாகப் பொருந்தும் இன்னொரு சேனல் துண்டை நுழைத்து, உயர்தர போல்ட்டுகளால் பூட்டுவது. இதை இளக்காரமாகப் பார்ப்போர் உண்டு, அந்தப் பார்வை நியாயமற்றது. அசல் சேஸிஸின் குறுக்குச் சட்டங்களும் ரிவெட்டால் பூட்டப்பட்டவையே. போல்ட் துளைகள் நடுத்தகட்டில் மட்டுமே இருக்க வேண்டும், மடிப்பில் துளையிட்டால் பாரம் தாங்கும் உலோகத்தையே குறைத்துக்கொள்கிறோம். துளைகள் போல்ட்டுக்குச் சற்றும் தளர்வின்றி அமைய வேண்டும். உள்சேனலின் மடிப்புகள் வெளிச்சேனலின் மடிப்புகளோடு முழுமையாகப் படிய வேண்டும். மூலை வளைவில் முட்டி இடைவெளி விட்டு நின்றால் அந்தத் துண்டு பெயருக்குத்தான் உள்ளே இருக்கும். இரண்டு தகடுகளுக்கிடையே ஈரம் தங்கித் துரு பிடிப்பது இதன் நிரந்தரக் குறை என்பதால், பூட்டுவதற்கு முன் இரு முகங்களிலும் துத்தநாகப் பூச்சு அடிப்பது அவசியம். பற்றவைப்பில் கைதேறாதவருக்கு, மோசமான படிவெட்டைவிட நல்ல போல்ட் இணைப்பே பாதுகாப்பானது என்று தயங்காமல் சொல்வேன்.

பற்றவைப்பவர்களுக்கு உலோகம் ஒரு சலுகை தருகிறது. இவ்வகை இலகு வண்டிகளின் சேஸிஸ் கரிமம் குறைந்த எஃகு. வெப்பச் சீராக்கம் செய்த கனரக லாரி சேஸிஸ்களைப்போல ஒட்டும் வெப்பத்தில் வலுவிழப்பதில்லை. கம்பி தானே ஊட்டப்படும் மிக் பற்றவைப்பு முறையில் இஆர்70எஸ்-6 கம்பியோ, கையில் பிடித்த தண்டால் ஒட்டும் குச்சி முறையில் ஈரமேறாத 7018 தண்டோ போதுமானது. முனைகளைச் சாய்வாகச் செதுக்கி, சிறு இடைவெளி விட்டு, உள்ளும் புறமும் ஒட்ட வேண்டும். வெப்பத்தில் சேஸிஸ் வளையாதிருக்க இடமும் வலமும் மாறிமாறிச் சிறுசிறு நீளமாக ஒட்டுவது முறை. 1967 முதல் 1972 வரையிலான இந்த வண்டிகளில் பெட்ரோல் டாங்க் கேபினுக்குள், இருக்கையின் முதுகுப்புறம் இருக்கிறது என்பதை யாரும் மறக்கக் கூடாது. கேபினைக் கழற்றாமல் வேலை செய்வோர் டாங்க்கை வெளியே எடுத்த பிறகே தீப்பொறி பறக்கும் வேலையைத் தொடங்க வேண்டும்.

அளவெடுப்பில் சேஸிஸை வெட்டும் மூன்று வழிகளுக்கும் ஒரே விதிதான். அறுப்பதற்கு முன்பே சமதளத்தில் நிறுத்தி ரசமட்டம் வைத்து, தூக்குக்குண்டு விட்டுத் தரையில் புள்ளிகளிட்டு, மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். அறுத்த பின் அளந்தால் ஒப்பிடுவதற்கு எதுவும் மிஞ்சாது. வெட்டு விழும் பகுதிக்கு மேலாக நேரான ஆங்கிள் இரும்பைக் கவ்விகளால் பிடித்து, இரண்டு சேனல்களையும் ஒருசேர முன்னே கொண்டுவர வேண்டும். இரு பக்க வீல்பேஸும் எட்டில் ஒரு அங்குலத்துக்குள் ஒத்துவராவிட்டால் வண்டி நேரே போனாலும் பின்பகுதி சற்றுச் சாய்ந்தே வரும்.

சேஸிஸ் முடிந்த பின் வரும் செலவுகள் எல்லா வழிகளுக்கும் பொது. கியர்பாக்ஸிலிருந்து பின்னச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் புரொப்பல்லர் ஷாப்ட் இருதுண்டாக இருந்து, அதன் நடுத்தாங்கி அச்சோடு சேர்ந்து முன்னே வந்த குறுக்குச் சட்டத்தில் இருந்தால், முன்துண்டை மட்டும் குறைத்துச் சமநிலைப்படுத்தினால் போதும். பிரேக் குழாய், கைபிரேக் கேபிள், தொட்டி பூட்டும் துளைகள் எல்லாம் புதிதாக அமையும். 1973 முதல் 1987 வரையிலான அடுத்த தலைமுறையில் வீல்பேஸ் 131.5 அங்குலத்திலிருந்து 117.5 ஆகும், அதாவது 14 அங்குலம் போகும். அங்கே டாங்க்குகள் சேனல்களின் வெளிப்புறத்தில் தொங்குவதால் அவற்றுக்கும் மாற்றிடம் தேட வேண்டும்.

எந்த ஒட்டாக இருந்தாலும், அதன்மேல் கறுப்புக்குப் பதிலாக வெளிர்நிறப் பூச்சை மெல்லிதாக அடித்துவையுங்கள். முதல் சில நூறு மைல்களுக்குப் பிறகும், ஒவ்வொரு முறை பாரம் ஏற்றி இறக்கிய பிறகும் விளக்கை வைத்துப் பார்த்தால், மயிரிழை விரிசல் விழுந்திருந்தாலும் அது செந்நிறத் துருக்கோடாக அந்தப் பூச்சின்மேல் தெரிந்துவிடும்.